ஏழு அடுக்குகள் அடிப்படை ஆகா

கணினி வலையமைப்பைக் கற்கத் தொடங்கும் மாணவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது ஒரு படம். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட ஏழு பெட்டிகள். கீழிருந்து மேலாக பிஸிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன் என்று ஏழு பெயர்கள். வரிசை மறந்துவிடாமல் இருக்க ஆங்கிலத்தில் பீட்சாவைப் பற்றிய ஒரு நினைவு வாக்கியம். ஓ.எஸ்.ஐ. மாதிரி எனப்படும் இந்தப் படத்தை ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு வலையமைப்பின் அடிப்படை தெரியும் என்றும், தெரியாதவருக்கு அடிப்படையே இல்லை என்றும் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் தனியார் பயிற்சி மையங்களும் வேலைக்கு ஆள் எடுப்போரும் ஒருமுகமாகக் கருதிவருகின்றனர். இக்கருத்து தவறானது. இன்று இயங்கிக்கொண்டிருக்கும் இணையம் அந்தப் படத்தின்படி கட்டப்படவில்லை; அப்படத்தைத் துணையாகக் கொண்டு இணையத்தின் இயக்கத்தை விளக்க முற்படும்போது முதல் சில நிமிடங்களிலேயே அது கைவிட்டுவிடுகிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வலையமைப்பு ஏன் இவ்வாறு அமைந்தது என்று கேட்கவேண்டிய மாணவரை, எந்தப் பெயர் எந்தப் பெட்டியில் அமரும் என்று கேட்பவராக அது மாற்றிவிடுகிறது.

மறுக்கப்படுவது எது என்பதில் குழப்பம் கூடாது. சிக்கலான ஒரு வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி மற்றொன்றின் உள்விவரம் அறியாமலே அதைப் பயன்படுத்தும்படி அமைப்பது பொறியியலின் நல்ல வழக்கம். அந்தப் பொருளில் அடுக்கு என்ற கருத்து இல்லாமல் இணையமே இல்லை. ஆனால் அந்தக் கருத்து வேறு, 1970களின் இறுதியில் ஒரு தரநிர்ணயக் குழு வகுத்த குறிப்பிட்ட ஏழு பெயர்களின் பட்டியல் வேறு. முன்னதற்கு உரிய மதிப்பைப் பின்னதற்குக் கொடுத்ததில்தான் பிழை தொடங்குகிறது.

அந்தப் பட்டியல் பிறந்த வரலாற்றைப் பார்த்தாலே அதற்குக் கொடுக்கப்படும் இடம் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். சர்வதேசத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ., வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது ஏற்பாட்டை உருவாக்க 1977இல் ஒரு துணைக்குழுவை அமைத்தது. தரவுத்தள ஆய்வுக்காக டூரிங் விருது பெற்றிருந்த சார்லஸ் பாக்மன் அதற்குத் தலைமை ஏற்றார். அவர் பணியாற்றிய ஹனிவெல் நிறுவனத்தில் ஏற்கெனவே வரையப்பட்டிருந்த ஏழடுக்கு அமைப்பே குழுவின் தொடக்கப் புள்ளியாக அமைந்தது. பிரான்சைச் சேர்ந்த ஊபெர் சிம்மர்மான் 1980இல் அதை விரிவாக விளக்கி எழுதினார். 1984இல் அது தரநிலையாக வெளியானது. கணினி உற்பத்தியாளர்களும் அரசுத் தொலைபேசித் துறைகளும் ஒரே மேசையில் அமர்ந்து, இன்னும் கட்டப்படாத ஒரு வலையமைப்புக்குக் காகிதத்தில் வகுத்த திட்டம் அது. அதன் நோக்கம் குறை சொல்லத்தக்கதன்று. ஒரே நிறுவனத்தின் பிடியில் உலகத் தகவல்தொடர்பு சிக்கிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு முயற்சி காகிதத்தைத் தாண்டிக் கம்பிகளுக்கு வந்துவிட்டிருந்தது. விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974 மே மாதம் வெளியிட்ட வடிவமைப்பு பல சோதனைகளைக் கடந்து, 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் எனப்பட்ட ஆய்வு வலையமைப்பின் ஒரே நெறிமுறையாக நடைமுறைக்கு வந்தது. டி.சி.பி./ஐ.பி. என்று இன்று அறியப்படுவது அதுதான். நெறிமுறை என்பது, இரண்டு கணினிகள் எந்த வடிவில், எந்த வரிசையில் செய்திகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு. ஓ.எஸ்.ஐ. தரநிலை அச்சேறிய ஆண்டில் அதற்குப் போட்டியான நெறிமுறை ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது.

அரசுகள் ஓ.எஸ்.ஐ. பக்கமே நின்றன என்பதும், நின்றும் அது வெல்லவில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. அமெரிக்க அரசே 1990 ஆகஸ்டு முதல் தன் அலுவலகங்கள் வாங்கும் வலையமைப்புக் கருவிகள் ஓ.எஸ்.ஐ. நெறிமுறைகளுக்கு இணங்கியிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 1995இல் அக்கட்டாயத்தைத் தளர்த்திக்கொண்டது. இந்தியாவிலும் இதற்கு நேரடியான சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிறுவனங்களை இணைப்பதற்காக 1986இல் தொடங்கப்பட்ட எர்நெட் வலையமைப்பு, தன் முதுகெலும்பு இணைப்புகளில் தொடக்கத்தில் இரண்டு நெறிமுறைத் தொகுதிகளையும் ஒருசேர இயக்கியது. 1995க்குப் பின் அதில் ஓடிய போக்குவரத்து ஏறத்தாழ முழுவதும் டி.சி.பி./ஐ.பி.யாகவே இருந்தது. ஓ.எஸ்.ஐ. முயற்சியிலிருந்து பயனுள்ள சில பொருள்கள் எஞ்சியுள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை. இணையதளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் எக்ஸ்.509 சான்றிதழ் வடிவம் அந்த மரபில் வந்தது. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் ரூட்டர்களுக்குள் வழி கண்டறியப் பயன்படுத்தும் ஐ.எஸ்.-ஐ.எஸ். நெறிமுறையும் அப்படியே. ஆனால் இவை பயனுள்ளவையாக இருப்பது ஏழு பெட்டிகளால் அன்று. ஓ.எஸ்.ஐ. அடுக்கு வரிசையில் தம் நூலின் முதல் பதிப்பை 1981இல் அமைத்த ஆண்ட்ரூ டானன்பாமே, பிந்தைய பதிப்புகளில் அந்த மாதிரி தோற்றதற்கான காரணங்களைத் தனிப் பகுதியாக எழுதினார். அந்நூலைப் பாடநூலாக வைத்திருக்கும் கல்லூரிகளில்கூட, மாதிரியின் படம் வினாத்தாளுக்கு வருகிறது. அதைப் பற்றி அதே நூலாசிரியர் எழுதிய விமர்சனம் வருவதில்லை.

இணையத்தின் அடுக்குகள் எவ்வாறு தோன்றின என்பதோ முற்றிலும் வேறு கதை. மாணவர் அறியவேண்டிய கதையும் அதுவே. 1974இன் வடிவமைப்பில் ஐ.பி. என்ற தனிப் பகுதி கிடையாது. செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்புவதும், வழியில் தொலைந்ததை மறுபடி அனுப்பி வரிசைப்படுத்துவதும் ஒரே நெறிமுறையின் வேலைகளாக இருந்தன. பாக்கெட் என்று வழங்கும் இந்தப் பொதி, தன் தலைப்பில் பெறுநரின் முகவரியைத் தாங்கித் தனித்துப் பயணம் செய்வது. மனிதக் குரலைப் பாக்கெட்டுகளாக அனுப்பிப் பார்த்த டேனி கோயன் போன்றோர் அந்தக் கூட்டு ஏற்பாட்டில் ஒரு குறையைக் கண்டனர்: கோப்பில் ஒரு பைட் தொலைந்தால் கோப்பே கெட்டுவிடும் என்பதால் எவ்வளவு தாமதமானாலும் அதை மறுபடி பெற்றாக வேண்டும், பேச்சில் ஓர் அசை தொலைந்தால் கேட்பவர் அதைத் தாண்டிச் சென்றுவிடுவார், ஆனால் தொலைந்த அசை இரண்டு நொடி கழித்து வந்து சேர்ந்தால் அது பயனற்றது மட்டுமன்றிப் பின்வரும் பேச்சையும் தடுத்து நிறுத்திவிடும். ஆகவே, பாக்கெட்டை முடிந்தவரை கொண்டுசேர்ப்பது என்ற வேலையை ஐ.பி.க்கும், தொலையாமல் வரிசையாகச் சேர்ப்பது என்ற வேலையை டி.சி.பி.க்கும் பிரித்துக் கொடுப்பதென்று 1978இல் முடிவாயிற்று. இரண்டாவது வேலை வேண்டாதவர்களுக்காக யு.டி.பி. என்ற எளிய நெறிமுறை 1980இல் எழுதப்பட்டது. இந்தப் பிரிவினையை வற்புறுத்தியவர்களுள் ஒருவரான ஜான் போஸ்டல், அடுக்கு ஒழுங்கு மீறப்படுகிறது என்பதையே தம் வாதமாக 1977இல் எழுதினார் என்பது ஏழடுக்குப் பாடத்தை ஆதரிப்போர் சுட்டத்தக்க உண்மை. ஆயினும் அவர் வாதம் எண்ணிக்கையைப் பற்றியதன்று. ஒரு தேவை எழுந்தது, அத்தேவை ஓரிடத்தில் எல்லைக்கோடு போடச் சொன்னது, கோடு போடப்பட்டது. இந்தக் காரணத் தொடரை அறிந்த மாணவருக்கு, இன்றைய காணொளி அழைப்பில் படம் சிதறினாலும் உரையாடல் ஏன் தொடர்கிறது என்பதும், கோப்பு இறங்கும்போது ஏன் அவ்வாறு சிதறுவதில்லை என்பதும் தாமே விளங்கும். டிரான்ஸ்போர்ட் என்பது நான்காவது அடுக்கு என்று மட்டும் அறிந்தவருக்கு இரண்டும் விளங்கா.

படத்தின் போதாமையை ஒரு சாதாரண நிகழ்வில் வைத்துச் சோதிக்கலாம். மடிக்கணினி ஒன்று வீட்டு வைஃபையில் இணைந்து ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறது. இணைந்த கணத்தில் அதற்கு ஐ.பி. முகவரி கிடையாது, அதைக் கேட்டுப் பெறுவதற்கு டி.ஹெச்.சி.பி. என்ற நெறிமுறை இருக்கிறது. படத்தின்படி டி.ஹெச்.சி.பி. உச்சியிலுள்ள அப்ளிகேஷன் அடுக்கைச் சேர்ந்தது, அது யு.டி.பி. மீதும், யு.டி.பி. ஐ.பி. மீதும் பயணம் செய்கிறது. மேல் அடுக்கு கீழ் அடுக்கின் சேவையைப் பெறும் என்பதே மாதிரியின் ஆதார விதி. இங்கோ மூன்றாம் அடுக்கு செயல்படுவதற்கு வேண்டிய முகவரியையே ஏழாம் அடுக்கு கொண்டுவந்து தருகிறது. முகவரி இல்லாத கணினி 0.0.0.0 என்று தன்னைக் குறிப்பிட்டுக்கொண்டு, 255.255.255.255 என்ற எல்லோருக்குமான முகவரிக்குக் குரல் கொடுப்பதன் மூலம் இந்தச் சுழல் அவிழ்க்கப்படுகிறது. மாணவர் நின்று வியக்கவேண்டிய இடம் இது. ஏழு பெட்டிகளில் இதற்கு இடமில்லை. அடுத்து, வீட்டு ரூட்டரின் ஐ.பி. முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரி எது என்று கேட்டறியும் ஏ.ஆர்.பி. வருகிறது, அது இரண்டாம் அடுக்கு என்று ஒரு நூலும் மூன்றாம் அடுக்கு என்று மற்றொரு நூலும் சொல்கின்றன. பிறகு உரையாடலை மறைகுறியாக்கும் டி.எல்.எஸ். வருகிறது, அது ஐந்தா, ஆறா, நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலா என்பதில் ஆசிரியர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. உடன்பாடு ஏற்படாததற்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று. அந்த நெறிமுறைகளை வடிவமைத்தவர்கள் ஏழு பெட்டிகளை மனத்தில் வைத்து அவற்றை வடிவமைக்கவில்லை. ஆகவே அக்கேள்விக்கு விடையே இல்லை.

இணையத்தின் சொந்த ஆவணங்கள் அந்தப் படத்தைத் தம்முடையதாகக் கொள்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணினியும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று 1989இல் வகுத்த ஆவணம் நான்கு அடுக்குகளையே பேசுகிறது. 2002இல் இணைய வடிவமைப்புக் கொள்கைகளைப் பற்றி வெளியான மற்றோர் ஆவணம், அடுக்குமுறை தீங்கானது என்பதை ஒரு பகுதிக்குத் தலைப்பாகவே வைத்தது. டி.சி.பி. தன் தரவு கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகையில், தனக்குக் கீழுள்ள ஐ.பி. முகவரிகளையும் சேர்த்தே கணக்கிடுகிறது. மேலும் ஒரு டி.சி.பி. இணைப்பு, இரு முனைகளின் ஐ.பி. முகவரிகளாலும் போர்ட் எண்களாலும் அடையாளம் காணப்படுவதால், கைபேசி வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது முகவரி மாறி, இணைப்பு அறுந்துபோகிறது. இந்தக் குறையைப் போக்க 2021இல் தரநிலையான க்விக் நெறிமுறை, முகவரியைச் சாராத தனி அடையாள எண்ணை ஒவ்வோர் இணைப்புக்கும் கொடுத்தது. அதோடு போக்குவரத்தையும் மறைகுறியாக்கத்தையும் ஒரே கைகுலுக்கலில் பிணைத்து, இணைப்பு தொடங்கும் நேரத்தையும் குறைத்தது. இன்றைய பெரிய இணையதளங்கள் பலவும் அதைப் பயன்படுத்துகின்றன. அடுக்குகளின் எல்லையை எங்கே வைப்பது என்பது வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு, காலத்துக்கேற்ப மாற்றத்தக்க முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிரசன்டேஷன் என்ற பெட்டியைப் பற்றித் தமிழ் வாசகர் தனியே எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. அனுப்பும் கணினியும் பெறும் கணினியும் எழுத்துகளை வெவ்வேறு எண்களால் குறித்தால், அவற்றை ஒன்றுக்கொன்று பெயர்த்துத் தருவது பிரசன்டேஷன் அடுக்கின் கடமை என்று எல்லாப் பாடக் குறிப்புகளும் சொல்கின்றன. 1990களின் பிற்பகுதியில் திஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்களில் தமிழ் எழுதப்பட்டபோது, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மின்னஞ்சலும் தமிழ்ப் பக்கங்களும் பொருளற்ற குறிகளின் கூட்டமாகவே தெரிந்தன. பெயர்த்துத் தருவதாகச் சொல்லப்பட்ட அடுக்கு அங்கே வந்து உதவவில்லை; ஏனெனில் இணையத்தில் அப்படி ஓர் அடுக்கு இயங்கவே இல்லை. யூனிகோடு பரவி, பயன்பாட்டு மென்பொருள்கள் தாமே அதை ஏற்றுக்கொண்ட பிறகே அச்சிக்கல் தீர்ந்தது. கணினித் தமிழுக்காக உழைத்தவர்கள் பல்லாண்டுப் பாடுபட்டுப் பெற்ற தீர்வை, இல்லாத ஒரு பெட்டியின் பெயரில் வரவு வைத்து மாணவருக்குச் சொல்லித் தருவது அந்த உழைப்புக்கும் செய்யும் அநீதி.

மனப்பாடப் பாடத்தின் மற்றொரு எச்சம் ஏ, பி, சி என்ற முகவரி வகுப்புகள். ஐ.பி. முகவரியின் முதல் எண்ணைப் பார்த்து, அது எந்த வகுப்பைச் சேர்ந்தது, அந்த வலையமைப்பில் எத்தனை கணினிகள் இருக்கலாம் என்று சொல்லும் கணக்குகள் இன்றும் தேர்வுகளில் கேட்கப்படுகின்றன. சி வகுப்பில் 254 கணினிகள், பி வகுப்பில் 65,534 கணினிகள் என்று இடைவெளி பெரிதாக இருந்ததால், ஆயிரம் கணினி வைத்திருந்த நிறுவனமும் பி வகுப்பையே கேட்டது, முகவரிகள் வீணாயின, பி வகுப்பு தீரும் நிலை வந்தது. எனவே 1993இல் வகுப்புகளை நீக்கி, வலையமைப்பைக் குறிக்கும் பகுதி எத்தனை பிட் என்பதை முகவரியோடு சாய்கோடிட்டுக் காட்டும் முறை கொண்டுவரப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒழிக்கப்பட்ட ஏற்பாட்டை வரலாறாகச் சொல்லிக்கொடுத்தால் நன்று. அடிப்படையாகச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் நடப்பு உலகைப் படிக்க இயலாதவராகிறார். 2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது இதற்கு எடுத்துக்காட்டு. பாகிஸ்தானுக்குள் யூடியூபைத் தடுக்கக் கருதிய அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம், 208.65.153.0/24 என்ற முகவரித் தொகுதிக்கு வழி தன்னிடமே உண்டு என்று அறிவித்தது. அவ்வறிவிப்பு நாட்டெல்லையைத் தாண்டி உலகெங்கும் பரவியது. யூடியூப் அறிவித்திருந்ததோ 208.65.152.0/22, அதாவது 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி; பாகிஸ்தானின் அறிவிப்பு அதனுள் அடங்கிய 256 முகவரிகளுக்கானது. இரண்டு வழிகள் பொருந்தும்போது எது குறுகிய தொகுதியைச் சுட்டுகிறதோ அதையே ரூட்டர் தேர்ந்தெடுக்கும் என்பது விதி. ஆகவே உலகின் யூடியூப் போக்குவரத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பாகிஸ்தானை நோக்கித் திரும்பி அங்கேயே மாய்ந்தது. யூடியூப் இன்னும் குறுகிய தொகுதிகளை அறிவித்தே தன் போக்குவரத்தை மீட்க முயன்றது. 208 என்று தொடங்குவது சி வகுப்பு என்று மட்டும் கற்றவருக்கு அந்த /22 என்னவென்றே புரியாது. நிகழ்ந்தது எதனால் என்பதும், மீட்பு எதனால் என்பதும் புரியா.

ஏழடுக்குப் பாடத்துக்குச் சொல்லப்படும் ஆதரவு வாதங்களுள் வலுவானது, அது துறைக்கு ஒரு பொதுமொழியைத் தருகிறது என்பது. லேயர் 2 ஸ்விட்ச், லேயர் 7 லோட் பேலன்சர் என்று தொழிலில் இருப்போர் அன்றாடம் பேசுகின்றனர்; அந்த எண்கள் தெரியாமல் அவர்களோடு உரையாட முடியாது. இது உண்மை. ஆனால் அந்தப் பேச்சில் புழங்கும் எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஏழு ஆகியவை மட்டுமே. ஐந்தும் ஆறும் எந்தக் கருவியின் பெயரிலும் வருவதில்லை. ஐந்து சொற்களின் பொருளை அரைமணி நேரத்தில் விளக்கிவிடலாம். அரைமணி நேரத்துக்குரிய சொற்பட்டியலை ஒரு பருவம் முழுவதற்குமான பாட அமைப்பாக ஆக்கியதற்கு இந்த வாதம் நியாயம் ஆகாது.

பழுது பார்ப்பதற்கு அது வழிகாட்டுகிறது என்பது அடுத்த வாதம். கீழிருந்து தொடங்கி, கம்பி சரியா, ஸ்விட்ச் சரியா, ஐ.பி. சரியா என்று ஒவ்வொரு படியாக மேலேறிச் சென்றால் பழுது அகப்படும் என்கின்றனர். கம்பி கழன்றிருந்தால் அகப்படும்; அதற்கு மாதிரி தேவையில்லை. உண்மையில் கடினமான பழுதுகள் அடுக்குகளுக்கு இடையில் ஒளிந்திருப்பவை. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1,500 பைட் வரை இருக்கலாம். இந்தியாவின் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் வாடிக்கையாளரை அடையாளம் காணப் பயன்படும் பி.பி.பி.ஓ.இ. என்ற ஏற்பாடு, தன் தலைப்புக்காக அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1,492 மட்டுமே எஞ்சுகிறது. தொலைவிலுள்ள சர்வர் இதை அறியாமல், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1,500 பைட் பாக்கெட்டை அனுப்பினால், வழியிலுள்ள ரூட்டர் அதைக் கைவிட்டு, அளவு பெரிது என்ற அறிவிப்பை ஐ.சி.எம்.பி. நெறிமுறை வழியே திருப்பி அனுப்பும். ஐ.சி.எம்.பி.யின் பிழை அறிவிப்புகள் ஆபத்தானவை என்று தவறாக எண்ணி ஒரு நிர்வாகி அவற்றைத் தடுத்திருந்தால், அறிவிப்பு சர்வரைச் சேராது. சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் பக்கத்தில் பிங் சோதனை வெற்றி பெறும், ஏனெனில் அது சிறிய பாக்கெட்; டி.சி.பி. கைகுலுக்கல் முடியும், அதுவும் சிறியது. ஆனால் சான்றிதழைத் தாங்கிய முதல் பெரிய பாக்கெட் வராமலே பக்கம் தொங்கி நிற்கும். படியேறிச் சென்று சோதித்தவர், நான்கு அடுக்குகளும் சரி, ஆகவே அப்ளிகேஷனில்தான் பிழை என்று முடிவு கட்டுவார், அம்முடிவு தவறு. இதற்கு நடைமுறையில் வழங்கும் தீர்வு, வீட்டு ரூட்டரே டி.சி.பி. கைகுலுக்கலுக்குள் நுழைந்து, ஏற்கத்தக்க அளவைக் குறைத்து எழுதிவிடுவது; மூன்றாம் அடுக்குக் கருவி என்று வரையறுக்கப்பட்ட ஒன்று நான்காம் அடுக்கின் தலைப்பைத் திருத்துவது. நோயும் அடுக்குகளின் இடைவெளியில் பிறக்கிறது. மருந்தும் அடுக்கு விதியை மீறியே கொடுக்கப்படுகிறது.

தொடக்கநிலை மாணவருக்கு எளிய படம் வேண்டும், நுணுக்கங்கள் பின்னால் வரட்டும் என்ற மூன்றாவது வாதத்துக்கு மறுமொழி சுருக்கமானது. ஏழு பெயர்கள் எளியவை அல்ல. தொட்டுப் பார்க்கத்தக்க எதனோடும் ஒட்டாத பெயர்களே கற்பவருக்கு மிகக் கடினமானவை. ஒட்டாததால்தான் அவற்றுக்கு நினைவு வாக்கியம் தேவைப்படுகிறது. ஆங்கில வழியில் முதன்முறையாகப் படிக்கும் கிராமத்து மாணவருக்கு அச்சுமை இருமடங்கு.

அப்படியாயின் அடிப்படை எது? காலமும் தூரமும் அடிப்படை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கம்பி சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த இணைப்பை வாங்கினாலும் சென்னையிலிருந்து கேட்ட கேள்விக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்தக் கம்பி வழியே பதில் வர 32 மில்லிநொடிக்குக் குறையாது. இந்த ஒரு வகுத்தலைச் செய்த மாணவர், இணைப்பின் வேகம் வேறு, தாமதம் வேறு என்பதை ஒருபோதும் மறக்கமாட்டார். அடுத்த படி இன்னும் வளமானது. டி.சி.பி.யின் முதல் வடிவத்தில், பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் வருமுன் அதிகபட்சம் 65,535 பைட்டுகளையே அனுப்பலாம், ஏனெனில் அந்த அளவைக் குறிக்கும் இடம் 16 பிட் மட்டுமே. அமெரிக்காவுக்குச் சென்று திரும்பும் நேரம் கால் நொடி எனக் கொண்டால், நொடிக்கு நான்கு தவணை; அதாவது நொடிக்கு 2,62,140 பைட்; ஏறத்தாழ 2.1 மெகாபிட். இணைப்பு 100 மெகாபிட்டாக இருந்தாலும் ஒரு டி.சி.பி. உரையாடல் இதைத் தாண்ட முடியாது. அந்த அளவைப் பெருக்கிக்கொள்ளும் வழி 1992இல் சேர்க்கப்பட்டதன் காரணம் இதுவே. வாங்கிய வேகம் ஏன் கைக்கு வரவில்லை என்ற, இன்றும் ஒவ்வோர் அலுவலகத்திலும் எழும் கேள்விக்கான விடையின் வேர் இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

நெரிசல் அடிப்படை. 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான, 400 கஜத் தொலைவே கொண்ட இணைப்பில், நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த பயன்வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறவில்லை, கருவி பழுதாகவில்லை. ஒப்புதல் வரத் தாமதமானதைப் பாக்கெட் தொலைந்ததாகக் கருதி ஒவ்வொரு கணினியும் மறுபடி அனுப்ப, அதனாலேயே நெரிசல் மிகுந்து, ஒப்புதல் மேலும் தாமதமாயிற்று. பாக்கெட் தொலைவதை, வேகத்தைக் குறைத்துக்கொள் என்ற செய்தியாகப் படிக்கக் கணினிகளுக்குக் கற்றுக்கொடுத்து வான் ஜேக்கப்சன் 1988இல் அதற்கு வழி கண்டார். உலகெங்கும் ஒருவரையொருவர் அறியாத கோடிக்கணக்கான கணினிகள், மேலாளர் எவருமின்றி, ஒரே பாதையைத் தம்முள் பகிர்ந்துகொள்வது இந்தத் தன்னடக்கத்தால்தான். பொறியியலில் இதனினும் அழகான பாடம் குறைவு. ஏழடுக்குக் குறிப்பேடுகளில் இது பெரும்பாலும் டிரான்ஸ்போர்ட் அடுக்கின் கீழ் ஒற்றை வரியாக முடிந்துவிடுகிறது.

பொறுப்பை எங்கே வைப்பது என்பதும் அடிப்படை. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1980களின் தொடக்கத்தில் எழுதிய ஆய்வுரை, கோப்பு பிழையின்றிச் சேர்ந்ததா என்பதை இரு முனைகளிலுள்ள கணினிகளே இறுதியாகச் சரிபார்க்க முடியும் என்றும், இடைவழிக் கருவிகள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தக் கடமை முனைகளை விட்டு நீங்காது என்றும் வாதிட்டது. 2000ஆம் ஆண்டில் ஜோனதன் ஸ்டோனும் கிரெய்க் பார்ட்ரிஜும் உண்மையான போக்குவரத்தை அளந்தபோது, ஒவ்வொரு கம்பியிலும் வலுவான பிழைச் சோதனை இருந்தும், 1,100 பாக்கெட்டுக்கு ஒன்று முதல் 32,000 பாக்கெட்டுக்கு ஒன்று வரை டி.சி.பி.யின் சோதனையில் தோற்றதைக் கண்டனர். பிழைகள் கம்பியில் நேராமல் கருவிகளின் நினைவகத்திலும் மென்பொருளிலும் நேர்ந்திருந்தன. டேட்டா லிங்க் அடுக்கு பிழையற்ற பரிமாற்றத்தைத் தருகிறது என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவர், இந்த உண்மைக்கு நேர்மாறானதையே கற்றிருக்கிறார்.

இவற்றைக் கற்பிக்கப் பொருட்செலவு தேவையில்லை என்பதால் மாற்றத்தைத் தள்ளிப்போடக் காரணமும் இல்லை. கம்பியில் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டையும் திரையில் விரித்துக் காட்டும் வயர்ஷார்க் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை ரூட்டர் வரை ஆயுள் என்ற எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என்று உயர்த்தி அனுப்பி, ஆயுள் முடிந்த இடத்திலிருந்து வரும் அறிவிப்புகளைக் கோத்துப் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வகுப்பறை, ஒரு கணினி, ஓர் இணைப்பு போதும்.

பாடத்திட்டம் வகுப்போரும் வினாத்தாள் அமைப்போரும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளைப் படத்துடன் விவரிக்க என்ற வினா இருக்கும் இடத்தில், உண்மையான ஓர் உரையாடலிலிருந்து எடுத்த இருபது பாக்கெட்டுகளின் பட்டியலை அச்சிட்டு, இங்கே என்ன நடந்தது, எந்தப் பாக்கெட் தொலைந்தது, அது தொலைந்ததை அனுப்பியவர் எவ்வாறு அறிந்தார் என்று அடுத்த பருவத் தேர்விலேயே கேளுங்கள்.